கம்பி இருக்கும்போது ஜன்னலுக்குப் பூட்டு எதற்கு?

கேள்வி: நாங்கள் காவேரிப்பட்டணத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். கீழே இரண்டு அறை, மாடியில் ஓர் அறை. என் கணவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மாதத்தில் பாதி நாள் இரவு ஷிஃப்ட். அந்த நாட்களில் நானும் மாமியாரும், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளும், மூன்று வயது மகனும் மட்டும்தான் வீட்டில் இருப்போம். சென்ற மாதம் பக்கத்துத் தெருவில், திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கைப்பேசியையும் மேசைமேல் இருந்த கைப்பையையும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். கம்பி அப்படியேதான் இருந்தது. அன்றிலிருந்து என் கணவர், எல்லா ஜன்னல்களுக்கும் சாவிப் பூட்டு வைத்துச் சாவிகளைப் பீரோவில் போட்டுவிட வேண்டும் என்கிறார். மாமியாரோ, 'கம்பி இருக்கும்போது பூட்டு எதற்கு? காற்று வரட்டும்' என்கிறார். மாடி அறையில் பழைய ஜன்னலை எடுத்துவிட்டு யுபிவிசி (கெட்டியான பிளாஸ்டிக்) ஸ்லைடிங் ஜன்னல் போடலாம் என்றும் இருக்கிறோம். அதற்குக் கம்பி வேண்டாம், அழகு கெட்டுவிடும் என்கிறார் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் பயம் நியாயமானது. மாமியாரின் கேள்வியும் நல்ல கேள்வி. கடைக்காரர் சொன்னது மட்டும் உங்கள் வீட்டுக்கு ஆகாது. பீரோவில் சாவி என்ற யோசனையையும் உடனே கைவிடுங்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் மாமியாரின் கேள்வி. கம்பி ஆளைத் தடுக்கும், கையைத் தடுக்காது. நம் பக்கத்துத் தச்சர்களும் வெல்டிங் பட்டறைக்காரர்களும் பெரும்பாலும் நான்கு அங்குலம், சில வீடுகளில் ஐந்து அங்குலம் இடைவெளி விட்டுத்தான் கம்பி போடுகிறார்கள். அதற்குள் ஒரு முழுக்கை தாராளமாக நுழையும். கையோடு ஒரு கழியும் நுழைந்தால் அறையின் நடுவரை எட்டும். ஆணியில் தொங்கும் சட்டை, மேசைமேல் சார்ஜ் ஏறும் கைப்பேசி, கதவோரம் மாட்டிய வண்டிச் சாவி எல்லாம் அப்படித்தான் போகின்றன. ஜன்னலோரம் தலைவைத்துத் தூங்கும் பெண்களின் கழுத்துச் சங்கிலியையும் அப்படித்தான் அறுத்துச் செல்கிறார்கள். பக்கத்துத் தெருவில் நடந்ததும் இதுவே.

இதைச் சின்னத் திருட்டு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. ஒருவரின் உடலில் எந்தப் பகுதி உள்ளே வந்தாலும் அது வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்ததாகும் என்று 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமே விளக்கம் தந்திருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்திலும் அந்த விளக்கம் தொடர்கிறது. ஆகவே, கம்பிக்குள் கை வந்தாலே திருடன் வீட்டுக்குள் வந்துவிட்டான் என்று வைத்துக்கொண்டு பேசுவோம்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. நம் வீடுகளில் வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு ஜன்னல் வைப்பது வழக்கம். யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க வசதி. ஆனால் அந்த ஜன்னல் திறந்திருந்தால் கையை விட்டு வாசல் கதவின் உள்தாழ்ப்பாளை நீக்கிவிடலாம். ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தேக்குக் கதவும் நல்ல பூட்டும் போட்டவர்கள் இந்த ஜன்னலை ஒரு சின்னக் கொக்கியோடு விட்டுவிடுவதைப் பார்த்து நான் பலமுறை வருந்தியிருக்கிறேன். உங்கள் வீட்டில் இன்றே அளந்து பாருங்கள். அந்த ஜன்னலுக்கு வெளியே நின்று, கம்பிக்குள் கையை விட்டு, கதவுத் தாழ்ப்பாளைத் தொட முடிகிறதா? கையில் இரண்டடிக் குச்சி இருந்தால்? தொட முடிந்தால், வேறெந்த ஜன்னலுக்கும் முன் அதற்குத்தான் பூட்டு. நான் கட்டும் வீடுகளில் அந்த ஜன்னலுக்குக் கம்பிக்கு உள்பக்கமாகத் துருப்பிடிக்காத எஃகு வலையும் போட்டுவிடுகிறேன்.

ஜன்னல் பூட்டால் கிடைக்கும் பாதுகாப்பு இதுதான்: கொக்கியும் சாதாரணத் தாழ்ப்பாளும் கண்ணாடியின் மூலையை உடைத்துக் கையை விட்டால் திறந்துவிடும். சாவியிட்ட பூட்டு திறக்காது. ஜன்னல் கதவையே உடைக்க வேண்டியிருக்கும். அதற்கு நேரமாகும், சத்தம் கேட்கும், நாய் குரைக்கும், எதிர்வீட்டு விளக்கு எரியும். இருட்டில் வருபவன் பெரும்பாலும் எளிதாகத் திறப்பதைத் தேடித்தான் வருகிறான். இந்த அளவில் உங்கள் கணவர் சொல்வது சரி.

ஆனால் சாவி எங்கே இருக்கும் என்பதில்தான் அவர் தவறுகிறார்.

பல ஆண்டுகளுக்கு முன் பாலக்கோடு பக்கம் ஒரு வீடு கட்டிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் திருட்டுக்கு மிகவும் பயந்தவர். எல்லா ஜன்னலுக்கும் அசைக்க முடியாத கிரில், பின்கதவுக்கு இரும்புக் கதவு, அதில் தொங்கு பூட்டு. கேட்டதையெல்லாம் செய்து கொடுத்தேன். மூன்றாம் ஆண்டில் ஒருநாள் நள்ளிரவு, கூடத்தில் குளிர்சாதனப் பெட்டியின் ஸ்டெபிலைசர் புகைந்து, பக்கத்தில் இருந்த துணிமூட்டையில் தீ பிடித்துக்கொண்டது. வாசலுக்குப் போகும் வழியில் புகை. பின்கதவுச் சாவியோ வீட்டுக்காரரிடம். அவர் அன்று சேலத்தில் இருந்தார். உள்ளே அவர் மனைவியும் வயதான தாயாரும். பின்னறை ஜன்னலில் முகத்தை வைத்து மூச்சு வாங்கியபடி இருவரும் கத்த, அக்கம்பக்கத்தார் கடப்பாரை கொண்டுவந்து கிரில்லைப் பெயர்த்தார்கள். இருபது நிமிடம் ஆனதாம். இருவரும் பிழைத்தார்கள். மறுநாள் போய், வளைந்து கிடந்த அந்தக் கிரில்லைப் பார்த்தேன். அத்தனை உறுதியாக அதைப் பதித்தவன் நான்தான். அன்றிலிருந்து உள்ளிருந்து திறக்கும் ஒரு ஜன்னலாவது இல்லாமல் நான் வீடு கட்டிக் கொடுப்பதில்லை. வீட்டுக்காரர் வேண்டாம் என்றாலும் வைக்கிறேன்.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலை ஏர்வாடியில் நடந்ததை நம் மாநிலம் மறந்திருக்காது. மனநலம் குன்றியவர்கள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். ஓடிப் போய்விடக் கூடாதென்று அவர்களைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள். உங்கள் வீட்டுக்கும் அந்தக் கொட்டகைக்கும் ஒப்பில்லை. ஆனால் பூட்டியவர் ஊரில் இல்லாதபோது, உள்ளிருப்பவருக்குத் திறக்கத் தெரியாத பூட்டு என்ன செய்யும் என்பதை அதைவிடத் தெளிவாக வேறெதுவும் எனக்குச் சொன்னதில்லை.

பீரோச் சாவியைத் தேடி, பீரோவைத் திறந்து, கொத்திலிருந்து சரியான சாவியை எடுத்து, மின்சாரம் போன இருட்டில், ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூட்டுவலி உள்ள மாமியாரையும் கைபிடித்து நீங்கள் வெளியே வர வேண்டும். நினைத்துப் பாருங்கள். புகை மேலிருந்து கீழே இறங்கும். நின்றால் மூச்சு முட்டும், தவழ்ந்துதான் நகர முடியும்.

எனவே, நான் சொல்லும் ஏற்பாடு இது. எல்லா ஜன்னல் பூட்டுக்கும் ஒரே சாவி பொருந்துமாறு வாங்குங்கள். கேட்டால் கடையில் தருவார்கள். ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு சாவி. ஜன்னலிலிருந்து ஐந்தாறு அடியாவது தள்ளி, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கச் சுவரில் ஓர் ஆணி. தரையிலிருந்து நாலரை அடி உயரம். உங்கள் மகளுக்கு எட்டும், மகனுக்கு எட்டாது. ஆணிக்குக் கீழே நாற்காலியோ ஸ்டூலோ போடாதீர்கள். அந்த ஆணியில் வேறு எதையும் மாட்டவும் வேண்டாம். பிறகு ஒருநாள் இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, சாவியை எடுத்து ஜன்னலைத் திறக்கும்படி உங்கள் மகளிடம் சொல்லுங்கள். பத்து வயதுப் பெண்ணால் இருட்டில் திறக்க முடிந்தால் அந்தப் பூட்டு உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். முடியாவிட்டால் பூட்டை மாற்றுங்கள், அவளைத் திட்டாதீர்கள். மாமியாரும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். விரல் மடங்காத வயதில் சின்னச் சாவியைத் திருப்புவது கடினம். அவர் அறையில் சாவி இல்லாமல் குமிழை அழுத்தித் திறக்கும் பூட்டுப் போடலாம். ஆனால் அந்த ஜன்னலுக்கு உள்வலை கட்டாயம்.

கீழ்த்தளத்தில் ஒரு ஜன்னலின் கிரில்லையாவது கதவுபோல் திறக்குமாறு மாற்ற வேண்டும். தெருவைப் பார்க்காத, ஆனால் வெளியே இறங்கி நிற்க இடமுள்ள பக்கம் நல்லது. பழைய கிரில்லில் ஒரு பகுதியை வெட்டிக் கீல் வைத்துக் கொடுப்பது வெல்டிங் பட்டறைக்கு அரைநாள் வேலை. கீலும் கொண்டியும் உள்பக்கம் இருக்க வேண்டும். திறப்பின் அளவு இரண்டடிக்கு இரண்டடி இருந்தால் பெரியவர் ஒருவர் வெளியே வந்துவிடலாம். பிரிட்டனின் கட்டட விதிகள் தப்பிக்கும் ஜன்னலுக்கு அகலமும் உயரமும் 450 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, மொத்தப் பரப்பு 0.33 சதுர மீட்டராவது வேண்டும், அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து 1100 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று சொல்கின்றன. நம் உயரத்துக்கும் அது பொருந்தும். அந்தக் கிரில் கதவுக்கு ஒரு நல்ல தொங்கு பூட்டு போதும். திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கையால் செய்த அந்தப் பூட்டு கிடைத்தால் நான் அதைத்தான் வாங்குவேன், ஆனால் அதன் சாவி பெரியது. ஆணியை அதற்கேற்ப அடியுங்கள்.

சமையலறை ஜன்னலுக்குச் சாவிப் பூட்டே வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். மணம் வந்தவுடன் ரெகுலேட்டரை மூடி, எந்த மின் சுவிட்சையும் தொடாமல், ஜன்னலையும் கதவையும் திறந்துவிட்டு வெளியே வந்து, எரிவாயுக் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-க்கு அழைக்க வேண்டும். அந்த நேரத்தில் சாவி தேடக் கூடாது. அங்கே கம்பியும் எஃகு வலையும் கெட்டியான தாழ்ப்பாளும் போதும்.

காற்று வேண்டும் என்கிறார் மாமியார். சித்திரை, வைகாசியில் காவேரிப்பட்டணத்தில் ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்கச் சொல்ல எனக்கும் மனம் வராது. மாம்பழக் காலத்தில் ஆண்கள் தோப்புக் காவலுக்குப் போய்விட, பெண்களும் குழந்தைகளும் மட்டும் இருக்கும் வீடுகள் உங்கள் பக்கம் நிறைய. திருடனுக்கும் அது தெரியும். இதற்குப் பழைய தச்சர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி என நான்கு கதவு. இரவில் கீழ்க்கதவைத் தாழிட்டு மேல்கதவைத் திறந்துவிடுவார்கள். வெப்பம் மேலே எழும்பி வெளியே போகும், வெளியிலிருந்து கை நீட்டினால் படுக்கை எட்டாது. உங்கள் கீழ்த்தள ஜன்னல் அப்படி இருந்தால் கீழ்க்கதவுக்கு மட்டும் பூட்டுப் போடுங்கள். மாமியார் சொன்னபடி காற்றும் வரும். கதவு ஒன்றாக இருந்தால் கம்பிக்குப் பின்னால் எஃகு வலை போடுங்கள். நைலான் கொசுவலை பிளேடுக்கு நிற்காது.

இனி மாடி அறை. இங்கே எனக்குத் திருடனைவிட உங்கள் மகனைப் பற்றித்தான் கவலை.

மூன்று வயதுக் குழந்தையின் உடம்பில் தலையின் கனம் அதிகம். எட்டிப் பார்க்கும்போது சட்டென்று முன்னால் சாய்ந்துவிடும். கட்டில், சோபா, துணிக்கூடை எது ஜன்னலோரம் இருந்தாலும் அதில் ஏறும். கொசுவலை இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். அது கொசுவைத்தான் நிறுத்தும், சாய்ந்த குழந்தையின் எடையில் சட்டத்தோடு கழன்று விழும். அமெரிக்காவில் நியூயார்க் நகரம் 1976-இலேயே, பத்து வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள குழந்தைகள் வசிக்கும் அடுக்குமாடி வீடுகளின் ஜன்னல்களுக்கு உரிமையாளர் தடுப்புக் கம்பி போட்டே ஆக வேண்டும் என்று விதித்தது. தீ விபத்தில் இறங்கும் ஏணிக்குத் திறக்கும் ஜன்னலுக்கு மட்டும் அந்தக் கம்பி கூடாது. நான் மேலே சொன்ன இரண்டு கவலையும் அந்த ஒரே விதியில் இருக்கிறது.

ஆகவே மாடி ஜன்னலுக்குக் கம்பி வேண்டும். இடைவெளி நான்கு அங்குலத்துக்குக் குறைவாக, நிமிர்ந்த கம்பிகளாகப் போடுங்கள். குறுக்குக் கம்பி குழந்தைக்கு ஏணிப்படி ஆகிவிடும். அழகுக்கு உள்பக்கமாக மெல்லிய சதுரக் கம்பி வைத்து ஜன்னலின் நிறத்திலேயே வண்ணம் அடிக்கலாம். ஸ்லைடிங் ஜன்னல் நான்கு அங்குலத்துக்கு மேல் நகராமல் நிறுத்தும் பூட்டுத் தடை தனியாகக் கிடைக்கும், அதையும் கேட்டு வாங்குங்கள். பெரியவர் அதை விடுவிக்க முடிய வேண்டும், குழந்தையால் முடியக் கூடாது. மாடி அறையிலிருந்து மொட்டை மாடிக்குத் தனிக் கதவு இருந்தால் அதுவே தப்பும் வழி. இல்லையென்றால் போர்ட்டிகோ பக்கத்து ஜன்னலின் கம்பியைத் திறக்கும்படி செய்யுங்கள். கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிடுங்கள்.

யுபிவிசி ஜன்னல் வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள். சட்டத்துக்குள் இரும்புக் குழல் இருக்கிறதா? பூட்டு ஓரிடத்தில் மட்டும் மாட்டுகிறதா, மேலும் கீழும் பல இடத்தில் மாட்டுகிறதா? பூட்டிய நிலையில் கதவைத் தூக்கித் தண்டவாளத்திலிருந்து எடுக்க முடியாதபடி மேலே தடுப்புக் கட்டை வைத்திருக்கிறார்களா? மூன்றாவதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. அது இல்லாவிட்டால் ஸ்லைடிங் ஜன்னலைப் பூட்டும் பிறை வடிவக் கொக்கி எத்தனை பளபளப்பாக இருந்தாலும் பயனில்லை. கடைக்காரர் முன்னாலேயே பூட்டிவிட்டுக் கதவைத் தூக்கிப் பாருங்கள். கண்ணாடி கடினப்படுத்தியதாக இருக்கட்டும், உடைந்தாலும் கத்தியாகத் தெறிக்காது.

குளியலறைப் பட்டைக் கண்ணாடி ஜன்னலை மறந்துவிடாதீர்கள். அந்தக் கண்ணாடிப் பட்டைகள் அலுமினியப் பிடியில் செருகியவை, வெளியிலிருந்தே ஒவ்வொன்றாக உருவிவிடலாம். அதற்குப் பூட்டுப் போட இடமே கிடையாது, பின்னால் கம்பிதான் போட வேண்டும். கீழ்த்தளக் கிரில் மரநிலையில் வெளிப்பக்கமாக ஸ்க்ரூ போட்டு மாட்டியிருந்தால் அந்த ஸ்க்ரூத் தலைகளைப் பற்றவைத்து மூடச் சொல்லுங்கள்.

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசியோடு சேர்ந்து பிசுக்காகி இறுகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஓரிரு சொட்டு, ஆண்டுக்கு இரண்டு முறை. ஐப்பசி மழையில் மரக்கதவு ஊதிப் பூட்டு பொருந்தாமல் போனால் கதவின் விளிம்பை இழைத்துக் கொள்ளுங்கள். பூட்டைத் தளர்த்த வேண்டாம்.

எல்லோரும் வெளியூர் போகும்போது கீழ் ஜன்னல்களைப் பூட்டி, சாவிகளைக் கையோடு எடுத்துச் செல்லலாம். அப்போது உள்ளே தப்பிக்க வேண்டியவர் யாரும் இல்லை. சமையலறைத் தாழ்ப்பாளையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். உடைத்து நுழைந்ததற்கான அடையாளம் இருந்தால்தான் திருட்டுக்குப் பணம் தருவோம் என்ற நிபந்தனை பல பத்திரங்களில் இருக்கும். திறந்து கிடந்த ஜன்னலில் அந்த அடையாளம் இருக்காது.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாது என்றால் வரிசை இது: வாசலோர ஜன்னல், மாடிக் கம்பி, திறக்கும் கிரில், மாமியார் அறை வலை. மற்றவை போனஸ் வந்ததும் செய்து கொள்ளலாம். வெல்டிங் பட்டறைக்காரர் அளவெடுக்க வரும் நாளில் உங்கள் கணவரும் வீட்டில் இருக்கட்டும். திறக்கும் கிரில் எந்தப் பக்கம் என்பதை அவரே நின்று பார்த்துச் சொல்லட்டும். இரவு ஷிஃப்டில் இருக்கும்போது அவருக்கும் மனம் நிம்மதியாக இருக்கும். மாமியாரின் கட்டிலையும் மகனின் கட்டிலையும் ஜன்னலை விட்டு நகர்த்துவதற்கு எந்தப் பட்டறைக்காரரும் வர வேண்டியதில்லை. அதை இன்று இரவு படுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.